செங்கல் வேண்டாம், மரம் வேண்டாம்... பிறகு என்னதான் வேண்டும்?

செஞ்சி என்றதும் உங்களுக்கு ராஜா தேசிங்கு ஞாபகத்துக்கு வருவார். நியாயம்தான். ஆனால், தேசிங்கு வாளைத் தூக்குவதற்கு ஏறத்தாழ ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே அந்த வட்டாரத்தில் இன்னொரு ராஜா உளியைத் தூக்க வைத்தார். அவருடைய கைவரிசையைப் பார்க்க நீங்கள் கோட்டை ஏற வேண்டாம். பக்கத்தில் இருக்கும் தளவானூருக்குப் போனால் போதும்.

சின்ன கிராமம். அங்கே ஒரு பாறைக்குன்று. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் மலை என்பார்கள். பாண்டவர்கள் பெயரை நம் ஜனங்கள் எந்த மலைக்குத்தான் வைக்கவில்லை! அந்தப் பாறையின் வயிற்றைக் குடைந்து செய்த சிவன் கோயில்தான் சத்ருமல்லேஸ்வரம். சத்ருமல்லன் என்பது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. காலம், கி.பி. 7-ம் நூற்றாண்டின் தொடக்கம்.

தளவானூரைப் புரிந்துகொள்ள, அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மண்டகப்பட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மகேந்திரனின் குடைவரைகளில் முந்தையது அதுதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கே ஒரு சம்ஸ்கிருதக் கல்வெட்டு. பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் எடுப்பித்தான் என்கிறது அது. விசித்திரசித்தனும் மகேந்திரன்தான். பெயர் வைத்துக்கொள்வதில் மனுஷன் கஞ்சத்தனமே காட்டவில்லை!

பெருமையடித்துக்கொள்ள நினைக்கும் ராஜா சாதாரணமாக என்ன எழுதுவான்? இத்தனை யானை, இத்தனை பொன் என்று எழுதுவான். இவரோ எதையெல்லாம் உபயோகிக்கவில்லை என்று பட்டியல் போடுகிறார். ‘ஏன்?’ என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால், பட்டியலே ஜாடை காட்டுகிறது. மரத்தைக் கறையான் தின்னும். செங்கல் கரையும். இரும்பு துருப்பிடிக்கும். சுண்ணாம்பு உதிரும். நாலும் நாள்பட நிற்காத சரக்கு. அழியாத கோயில் வேண்டும் என்ற தேவை அந்த ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாறையைக் குடையும் வித்தையை மகேந்திரன் கண்டுபிடிக்கவில்லை. பீகாரில் பராபர் குகைகள், மகாராஷ்டிராவில் அஜந்தா என்று பல நூற்றாண்டுகளாகவே அது நடந்துகொண்டிருந்தது. அதாவது, டெக்னாலஜி ஏற்கெனவே சந்தையில் இருந்தது! தமிழ்நாட்டிலோ கல் என்றால் இறந்தவர்களுக்கு நடும் நடுகல்தான் நினைவுக்கு வரும். அந்த வழக்கத்தை மீறிக் கடவுளைக் கல்லுக்குள் குடிவைக்க வேண்டுமென்றால், சும்மா ‘அவன் செய்கிறான், நானும் செய்கிறேன்’ போதாது. வலுவான தேவை வேண்டும்.

சரி, தளவானூருக்கு வருவோம். குன்றின் முகப்பு தெற்குப் பார்த்தது. ஆனால், கருவறை கிழக்குப் பார்த்து இருக்கிறது. எப்படி? நேரே உள்ளே குடைந்துகொண்டு போகாமல், மண்டபத்தின் மேற்குச் சுவரில் கருவறையைக் குடைந்திருக்கிறார்கள். நீங்கள் தெற்கிலிருந்து நுழைந்தால் இடது கைப்பக்கம் சுவாமி. பாறை எப்படி நிற்கிறதோ அதற்காகச் சுவாமியைத் திருப்பவில்லை. சுவாமி எப்படி நிற்க வேண்டுமோ அதற்காக உள்ளமைப்பைத் திருப்பினார்கள். மண்டகப்பட்டின் எளிமையான முகப்பு, இங்கே நடுத்தூண்களுக்கு இடையே மகர தோரணத்தோடு மெருகேறியும் விட்டது.

இதை உளி விழுவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும். செங்கல் கட்டடத்தில் தப்பு நடந்தால் சுவரை இடித்துவிட்டு மறுபடி கட்டலாம். பாறையில்? வெட்டியது வெட்டியதுதான். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குகைகளைப் பார்த்தால், பாறையைச் சதுரம் சதுரமாகக் கோடு பிரித்து, கட்டம் கட்டமாக வெட்டியெடுத்தது தெரியும். தப்பின் விலை எவ்வளவு அதிகமோ, முன்யோசனையும் அவ்வளவு வேண்டும். அது சிற்பிக்குத் தெரிந்திருந்தது.

இப்போது 21-ம் நூற்றாண்டுக்கு ஒரு தாவு தாவலாம். இன்றைய சிற்பிகள் இன்ஜினீயர்கள். அவர்களின் கோடு போட்ட கட்டத்துக்குப் பெயர் ‘சிஸ்டம்ஸ் மாடலிங்’. ஒரு விமானத்தையோ, ராக்கெட்டையோ செய்வதற்கு முன் அதன் தேவைகள், உறுப்புகள், ஒன்றோடொன்று பேசும் விதம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் மாதிரியாக வரைந்து பார்ப்பது. இதற்கென்றே ‘சிஸ்எம்எல்’ என்ற வரைமொழி 2006-ல் ஏற்கப்பட்டது. அற்புதமான சமாச்சாரம். ஆனால், பல கம்பெனிகள் முதலில் சாஃப்ட்வேரை வாங்கிவிட்டு, பிறகுதான் ‘இது எதற்கு?’ என்று தலையைச் சொறிகின்றன.

தேவையை அலசாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே 2006-ல் ஒரு பாடம் நடந்தது. ஏர்பஸ் ஏ-380. உலகத்தின் மிகப்பெரிய பயணிகள் விமானம். ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் வயர்! ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாரான உடற்பகுதிகள் பிரான்ஸின் துலூஸுக்கு வந்தன. இணைக்கப் போனால்... வயர் எட்டவில்லை.

காரணம்? ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் ‘காட்டியா’ என்ற வடிவமைப்பு சாஃப்ட்வேரின் 4-ம் பதிப்பு. பிரான்ஸிலும் பிரிட்டனிலும் 5-ம் பதிப்பு. ஒன்று வரைந்ததை இன்னொன்று சரியாகப் படிக்கவில்லை. சிஸ்டம்ஸ் மாடலிங்குக்கு இது அண்ணன் முறை. நோய் என்னவோ ஒன்றுதான். கம்ப்யூட்டர் மாடலுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ‘நாலு நாட்டு ஆட்களும் ஒரே மாடலைப் படிக்க வேண்டும்’ என்ற அடிப்படைத் தேவைதான் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

விலை? ஜூன் மாதம் தாமதம் அறிவிக்கப்பட்டதும் தாய் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் சுமார் 26 சதவிகிதம் சரிந்தது. மேலதிகாரிகள் ராஜினாமா செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் ஊழியர்கள் துலூஸுக்கு வந்து வயர்களோடு மல்லுக்கட்டினார்கள். லாபத்தில் 480 கோடி யூரோ ஓட்டை விழும் என்று அக்டோபரில் கம்பெனியே சொன்னது. 2007 பிப்ரவரியில் 10,000 வேலைகளைக் குறைக்கும் திட்டம் வந்தது. வேலை இழக்கப் போகிறவனுக்குப் பதிப்பு 4 என்றால் என்ன, 5 என்றால் என்ன, பாவம்!

நான் படித்தது காமர்ஸ். இன்ஜினீயரிங் சூத்திரம் தெரியாது. ஆனால், கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் ‘இன்ன காரணத்துக்காக’ என்று ஒரு வரி எழுத வேண்டும் என்பது தெரியும். அந்த வரி இல்லாவிட்டால் ஆடிட்டர் விடமாட்டார். மாடலிங்குக்கும் அந்த ஒரு வரி வேண்டும்.

அதை எழுத நாலு கேள்வி போதும். நம் கம்பெனியில் தப்பு எங்கே பிறக்கிறது? வரைபடத்திலா, இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கு நடுவிலா, வாடிக்கையாளர் சொன்னதைப் புரிந்துகொள்வதிலா? அந்தத் தப்பால் வருஷத்துக்கு எவ்வளவு நஷ்டம்? மாடல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்? அதை யார் யார் படிக்கப் போகிறார்கள்? நாலாவதைக் கேட்காமல் விடுவதில் உள்ள ஆபத்துக்கு ஹாம்பர்க் சாட்சி. சில கம்பெனிகளுக்குப் பதில் ‘உடனே வாங்கு’ என்று வரும். பம்ப்புக்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறைக்கு ‘ஒழுங்கான ஒரு எக்ஸல் ஷீட் போதும்’ என்றுகூட வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்குவது என்று முடிவானாலும், எடுத்த எடுப்பில் கம்பெனி முழுக்க இறக்க வேண்டாம். ஒரே ஒரு புராஜெக்ட்டில் செய்து பாருங்கள். தோரணமெல்லாம் தளவானூரில் வந்தால் போதும். மண்டகப்பட்டு எளிமையாகவே இருக்கட்டும்!

அடுத்த முறை உங்கள் ஆபீஸில் யாராவது பளபளக்கும் கொட்டேஷனோடு வந்து நின்றால், மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுத்து, ஒன்றே ஒன்று கேளுங்கள். ‘எந்தச் செங்கல் கரைந்துபோனதால் சார் இதை வாங்குகிறோம்?’