அடுப்புப் பரணில் ஐந்து மாதம்: லயத்துப் பூசணியை அறுப்பதும் வைப்பதும்

2022 மே மாதம். ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள ஒரு தோட்டத்தில் அப்பாயியின் லயத்துக்குப் போயிருந்தேன். கோதுமை மா விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. (அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.) வாசலுக்கு எதிரே இருந்த துண்டு நிலத்தில் பூசணிக் கொடி ஒன்பது காய் வைத்திருந்தது. தென்மேற்கு மழை தொடங்கப்போகிறதே என்ற பயத்தில் ஒன்பதையும் ஒரே நாளில் அறுத்தேன். காம்பைப் பிடித்துத் தூக்கிவந்து இஸ்தோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

மூன்று வாரத்தில் ஐந்து அழுகிவிட்டன. ஐந்தும் ஐந்து நாள் கறி.

"அவசரப்பட்டுட்டியே சாமி" என்றார் அப்பாயி, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

நம் வீட்டுத்தோட்டங்களில் அதிகம் காண்பது கியூகர்பிட்டா மொஸ்காட்டா இனம். இங்கே மஞ்சள் பூசணி, சிங்களத்தில் வட்டக்கா, தமிழ்நாட்டில் பரங்கிக்காய். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர் என்பதைப் பரங்கி என்ற பெயரே காட்டிக்கொடுக்கிறது. பூ காயாகி முற்ற ஏறக்குறைய ஐம்பது நாளாகும். நுவரெலியாப் பக்கம் குளிரில் இன்னும் தாமதிக்கும். ஆகவே நாளை எண்ணுவதைவிடக் காயைப் பார்ப்பதே நல்லது. தோலின் பளபளப்புப் போய் மங்க வேண்டும். பச்சை மாறிப் பழுப்பேற வேண்டும். தரையில் பட்ட அடிப்பக்கம் மஞ்சளாக வேண்டும். காம்பு காய்ந்து கடினப்பட வேண்டும். கடைசியாக நகத்தால் அழுத்திப் பாருங்கள்: தோல் கீறினால் விட்டுவிடுங்கள், இறங்காவிட்டால் அறுக்கலாம். நான் அறுத்த ஒன்பதில் நான்குதான் இந்தச் சோதனையில் தேறியிருக்கும். பிஞ்சில் அறுத்த காய் பிறகு முற்றாது. அதில் மாச்சத்துப் போதாது, இனிப்பும் வராது.

மழையில்லாத நாளில் கத்தியால் அறுக்க வேண்டும். நான்கு விரல் காம்பு காயோடு இருக்கட்டும். அது ஒடிந்தால் அந்த வாய் வழியாகத்தான் பூஞ்சை நுழையும். அதனால் குழந்தையைத் தூக்குவதுபோல் அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். காம்பு ஒடிந்ததையும் அடிபட்டதையும் முதலில் சமைத்துவிட வேண்டும்.

அடுத்தது உலர்த்தல். விவசாய நூல்கள் 27 முதல் 29 பாகை செல்சியஸ் சூட்டில் பத்து நாள் வைக்கச் சொல்கின்றன. தோல் இறுகும், சிறு கீறல் ஆறும். மலையகத்தில் மழைக்காலத்தில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? விடை அடுப்புக்கு மேலே இருக்கிறது. மிலாறு எரிக்கும் அடுப்பின் பரணில் எப்போதும் சூடு, எப்போதும் உலர்ந்த காற்று. அப்பாயிக்குப் பாகைக் கணக்கு தெரியாது, ஆனால் மிஞ்சிய நான்கு காயும் போனது அங்கேதான். காஸ் அடுப்பு வந்த வீடுகளில் இந்த வசதி போய்விட்டது. அங்கே வெயில் வரும் பகலில் ஓட்டின் மேல் வைத்து, மாலையில் உள்ளே எடுக்கலாம்.

அதன்பின் சேமிப்பு. 10 முதல் 15 பாகை, ஈரமில்லாத காற்றோட்டமான இடம் போதும். ஹட்டனில் ஓர் அறையின் குளிர்ந்த மூலையே அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், ஈரத்தைத் தவிர. சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகையிலோ சாக்கிலோ, ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். பழுக்கும் வாழைத்தார் பக்கத்தில் வேண்டாம். முழுக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. 10 பாகைக்குக் கீழே பல நாள் கிடந்தால் உள்ளே கெட ஆரம்பிக்கும். தை, மாசியில் துகின் விழும் நுவரெலியாவில் இஸ்தோப்பும் அதே கதைதான். வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, மெத்தென்று ஆனதை உடனே எடுத்துவிடுங்கள். இப்படி வைத்தால் மூன்று முதல் ஆறு மாதம் தாங்கும். முதல் சில வாரங்களில் மாச்சத்து சர்க்கரையாக மாறுவதால் ருசியும் கூடும்.

இதெல்லாம் நிலம் இருந்தால்தான். லயத்தில் வாழும் பெரும்பாலானோருக்கு வாசல் துண்டுக்கு உறுதி கிடையாது. வீடமைப்புத் திட்டங்களில் கிடைப்பதும் சில பேர்ச்சஸ்தான், அதில் வீடு போக மிஞ்சுவதுதான் தோட்டம். பூசணிக் கொடியோ இருபது அடி ஓடும். அதனால்தான் அதைக் கூரையில் ஏற்றிவிடுகிறார்கள். அங்கே காட்டுப்பன்றியும் எட்டாது.

அப்பாயியின் கடைசிக் காய் 2022 ஒக்டோபர் 24, தீபாவளியன்று பரணிலிருந்து இறங்கியது. உள்ளே செம்மஞ்சள். விதைகளைக் கழுவிச் சாம்பலில் புரட்டிச் சுளகில் காயவைத்தார். எனக்குப் பத்து விதை மடித்துக் கொடுத்தார்.