தீப்பொறி வராமை: அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினில் பழுதறிதல்

பேட்டரியில் கரண்ட் இருந்து, செல்ஃப் எஞ்சினை நன்றாகச் சுற்றியும், பிளக் முனையில் பொறி பிறக்காத நிலையே தீப்பொறி வராமை. காண்டாக்ட் பாயிண்ட் வைத்த பழைய பெட்ரோல் கார்கள் அனைத்துக்கும் பொதுவான இந்தக் கோளாறை விளக்க, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த ஹிந்துஸ்தான் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் ஏற்ற எடுத்துக்காட்டு. அதிலுள்ள லூகாஸ் வகை ஏற்பாடு, சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய, கேடிலாக் கார்களில் இடம்பெற்ற பேட்டரி இக்னிஷனின் அதே தத்துவத்தில் இயங்குவது. பொறி இல்லையென்றதும் புதுக் காயில், அதுவும் பலிக்காவிட்டால் புதுக் கண்டென்சர் என்று போவது பரவலான பட்டறைப் பழக்கம். இந்த ஏற்பாடு வேலைசெய்யும் விதத்தைப் பார்த்தால் அது தலைகீழ் வழி என்று தெரியும். 12 வோல்ட் ஓடும் பகுதி சரியா என்று உறுதிசெய்யும்வரை உயர் அழுத்தப் பகுதியில் கைவைக்கத் தேவையே இல்லை.

காரணம் மின்னழுத்தத்திலேயே இருக்கிறது. காயிலின் முதன்மைச் சுற்று சுமார் 3 ஓம். பாயிண்ட் மூடியிருக்கும்போது அதில் 4 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடும். பாயிண்ட் திறந்து கரண்ட் சட்டென அறுபடும் கணத்தில் காந்தப்புலம் சரிந்து, முதன்மைச் சுற்றில் சில நூறு வோல்ட்டும், அதைப்போல் பல மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட்டும் எழுகின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. பல ஆயிரம் வோல்ட் உள்ள பக்கம் காற்று இடைவெளியையே தாண்டிவிடும். 12 வோல்ட்டோ பாயிண்ட் முகத்தில் படிந்த மெல்லிய ஆக்சைடு படலத்தில், ஒரு துளி எண்ணெயில் நின்றுபோகும். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி பெரும்பாலும் இங்கேதான் மக்கர் செய்யும். மேலும், நான்கு பிளக்கும் நான்கு வயரும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. ஒரு சிலிண்டரிலும் பொறி இல்லையென்றால், நான்குக்கும் பொதுவான பாகங்களில்தான் தேட வேண்டும். அவற்றில் பெரும்பங்கு 12 வோல்ட் பக்கத்தில் இருக்கிறது.

இதைப் பிரித்தறியச் சின்ன பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் ஒன்று போதும். லாம்பின் ஒரு முனையை எர்த்தில் பிடித்து, இக்னிஷனைப் போட்டு, காயிலுக்கு சுவிட்சிலிருந்து வயர் வரும் முனையில் மறுமுனையை வைத்தால் எரிய வேண்டும். எரியாவிட்டால் பழுது சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றவே வேண்டாம். எரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகும் மற்ற முனைக்கு லாம்பை மாற்றி எஞ்சினைச் சுற்ற வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைந்து, மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் சுற்றைத் திறந்து மூடுகிறது என்று பொருள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் கரண்ட் எர்த்துக்குப் போகவில்லை: முகத்தை உரசிச் சுத்தம்செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து, உள்ளே அசையும் தகட்டின் எர்த் வயரையும் பார்க்க வேண்டும். அந்த வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தால் வெளியே தெரியாது. லாம்ப் எரியவே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் கழற்றிப் பார்க்கலாம். இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரிலோ அதற்குள்ளோ ஷார்ட்; அப்போதும் எரியாவிட்டால் காயிலின் முதன்மைச் சுற்று அறுந்திருக்கிறது. உள்ளே ஷார்ட் என்றால் கண்டென்சரைவிட முதலில் சந்தேகிக்க வேண்டியது பாயிண்ட் ஸ்பிரிங் மாட்டும் போல்ட்டில் உள்ள சின்ன இன்சுலேட்டர் வாஷர். பாயிண்ட் மாற்றியவர் அதை இடம்மாற்றிப் போட்டிருந்தால் சுற்று நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். பாயிண்ட் மாற்றிய அன்றே நின்றுபோகும் வண்டிகளில் இதை முதலில் பார்ப்பது நல்லது. வோல்ட் மீட்டர் இருந்தாலும் லாம்பே மேல். மீட்டர் ஏறக்குறைய கரண்டே இழுக்காததால், அரித்துப்போன இணைப்பிலும் முழு 12 வோல்ட் காட்டி ஏமாற்றும்.

லாம்ப் மின்னியும் பொறி இல்லையென்றால்தான் மறுபக்கம். காயிலின் நடு வயரை இன்சுலேஷன் உள்ள கொறடால் பிடித்து, பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், எஞ்சின் உலோகத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் சுற்றினால் நீலப் பொறி வர வேண்டும். வராவிட்டாலோ மஞ்சளாய் மெலிந்து வந்தாலோ கண்டென்சர், காயில் என்ற வரிசையில் சந்தேகம். நன்றாக வந்தும் பிளக்கில் இல்லையென்றால் ரோட்டார், மூடியின் நடுவிலுள்ள கார்பன் முனை, மூடியின் உட்புற ஈரம் அல்லது வெடிப்பு. ரோட்டாரைச் சோதிக்க, அதன் பித்தளைத் தகட்டுக்கு மேலே அதே நடு வயரைப் பிடிக்கலாம். பொறி குதித்தால் ரோட்டார் உள்ளுக்குள் தண்டுக்குக் கசிகிறது. பார்வைக்குப் புதிதாய் இருந்தாலும் அது ஆகாது.

பாயிண்டும் கண்டென்சரும் விலை குறைவு, மாற்றிவிட்டுப் போகலாமே என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மாற்றும் பாகமே மட்டமாக இருந்தால் ஒரு பழுது இரண்டாகிறது. இணைப்பைக் கழற்றி மாட்டியதில் தற்செயலாக வண்டி ஓடிவிட்டால் உண்மைக் காரணம் தெரியாமலே போகிறது. பாயிண்டை ஒழித்து எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பது இதைவிட வலுவான யோசனை. தேய்மானமும் இடைவெளி வைக்கும் வேலையும் போகும் என்பது உண்மை. ஆயினும் சுவிட்ச், வயர், காயில், ரோட்டார், மூடி எல்லாம் பழையவையே. அவற்றின் பழுதுகள் அப்படியே தொடரும், சாலையோரத்தில் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யும் வசதி மட்டும் போய்விடும்.

சூடானால் நின்று, ஆறினால் ஓடும் வண்டிக்கு இந்த முறை உதவாது என்பது மறுப்புகளில் கனமானது. சோதனைக்கு வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். இங்கே வரிசையை மாற்றாமல் நேரத்தை மாற்ற வேண்டும்: வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுமுன் அதே சோதனைகளைச் செய்ய வேண்டும். 20 டிகிரியில் 3 ஓம் காட்டும் தாமிரச் சுற்று 100 டிகிரியில் 4 ஓமை நெருங்குவது இயல்பு. சூட்டில் சுற்று அறுந்ததாகக் காட்டினாலோ, லாம்ப் மின்னியும் நல்ல கண்டென்சரோடு பொறி வராமல் போனாலோ காயிலை மாற்றுவதே சரி. புதுக் காயிலும் 3 ஓம் உள்ளதாக இருக்கட்டும். பல்லாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள கார்களுக்கான 1.5 ஓம் காயிலை நேரடியாக இணைத்தால் கரண்ட் 8 ஆம்பியர்வரை ஏறி, காயிலும் கொதிக்கும், பாயிண்டும் சீக்கிரம் கருகும்.