ஊர்ப்பெயர்களை ஒன்றாக்குதல்: புத்தளக் கரையிலிருந்து சில குறிப்புகள்

இலண்டனில் இருக்கும் என் சகோதரியின் மகன் சில வருடங்களாக எமது குடும்ப வரலாற்றைக் கணினியில் ஏற்றி வருகிறான். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறான். வாப்பா வழி, உம்மா வழி, என் மனைவியின் மன்னார் வழி என்று எல்லாக் கிளைகளும் அதில் உண்டு. பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், நிக்காஹ் பதிவுகள், பழைய காணி உறுதிகள் எல்லாவற்றையும் குடும்பத்தினர் படம் பிடித்து அனுப்ப, அவற்றில் இருந்தவாறே பதிந்திருக்கிறான். கடந்த தவணை விடுமுறையில் அந்தக் கோப்பை எனக்கு அனுப்பி, “மாமா, இடங்களின் பட்டியலை மட்டும் நீங்கள் துப்புரவு செய்து தாருங்கள். ஒரே ஊர் பத்துத் தடவை வந்து நிற்கிறது” என்று கேட்டுக்கொண்டான்.

பிள்ளைகளின் கொப்பி திருத்துவதைப் போன்ற வேலைதானே என்று எண்ணித்தான் தொடங்கினேன்.

கற்பிட்டி மாத்திரம் ஒன்பது தடவை இருந்தது. கற்பிட்டி, கல்பிட்டி, கல்பிட்டிய, கற்பிட்டிய, கல்பென்டைன், பிறகு புத்தளம் சேர்த்தும் சேர்க்காமலும், இலங்கை என்றும் சிலோன் என்றும். இவற்றுள் பிழையானது எது என்று பார்த்தால், ஒன்றுமே பிழையில்லை. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் அங்கு கோட்டை கட்டத் தொடங்கினர். அவர்களின் வாயில் ஊர் கல்பென்டைன் ஆனது. ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டனர். சிங்களத்தில் பதிந்த பதிவாளர் கல்பிட்டிய என்றார். அதைப் பார்த்துத் தமிழில் பெயர்த்தவர் ஒரு தடவை யகரத்தை வைத்தார், மறு தடவை விட்டார். எங்கள் வீட்டில் கற்பிட்டி. பேனா யாருடைய கையில் இருந்தது என்பதையே ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் காட்டுகிறது.

இது புதிய தொல்லையுமன்று. இப்னு பதூதா 1344இல் இக்கரையில் இறங்கி, ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்ட நகரத்தைப் பத்தாலா என்று எழுதி வைத்தார். அதைப் புத்தளம் என்றே ஆய்வாளர் கொள்கின்றனர். புது அளம், அதாவது புதிய உப்பளம், என்பதே புத்தளம் ஆனது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் விளக்கத்தை அந்த மொரோக்கோக்காரர் கேட்டிருக்க மாட்டார். காதில் விழுந்ததை எழுதினார். சிலாபம் சிங்களத்தில் ஹலாவத. முந்தல் முந்தலம ஆகும், உடப்பு உடப்புவ ஆகும், வண்ணாத்திவில்லு வனாத்தவில்லுவ ஆகும். நுரைச்சோலைக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. அனல்மின் நிலையத்தின் பெயரோடு அது ஆங்கிலப் பத்திரிகைகளுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வரும்போது சிலருக்கு நொரொச்சோலை ஆகிவிட்டது. அந்த வடிவமும் கோப்பில் இருந்தது.

இலங்கையின் ஊர்ப்பெயர்களை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் முதன்முதலில் ஒரு நூலாக்கிய சைமன் காசிச்செட்டி கற்பிட்டியில் பிறந்தவர் என்பது இவ்வேலையின் நடுவில் எனக்கு நினைவுக்கு வந்தது. 1807இல் பிறந்த அவர் தமது 27ஆவது வயதில், 1834இல், ‘சிலோன் கெசற்றியர்’ என்ற அந்த நூலை வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறாகிய ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் வந்தது. எங்கள் பாடசாலைகளில் இரண்டாவது நூலைப் பற்றி ஒரு வரி சொல்வோம். முதலாவதைச் சொல்வதில்லை. ஊரும் ஆறும் துறையும் எது எங்கே இருக்கிறது என்று ஒழுங்குபடுத்த முனைந்த அந்த மனிதரின் மேசையிலும் இதே குழப்பம் கிடந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கணினி தானாக உண்டாக்கிய இரட்டிப்புகளும் உண்டு. கொத்தாந்தீவு இரண்டு தடவை இருந்தது. எழுத்துக்கு எழுத்து பார்த்தேன், ஒரு வேற்றுமையும் இல்லை. பிறகுதான் விளங்கியது. ‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்று. கணினிக்கு, அதை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு மென்பொருளில் இல்லாவிட்டால், இரண்டு. முன்னர் பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியல் ஒன்றையும் ஒருவர் அனுப்பியிருந்தார். அது இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. இவற்றைத் தயங்காமல் ஒன்றாக்கலாம், ஒன்றாக்கினேன்.

ஒன்றாக்குவது மிக இலகு. இரண்டு பதிவுகளைத் தெரிவு செய்து கட்டளை கொடுத்தால், ஒன்று மிஞ்சும். மற்றதன் கீழ் இருந்த பிறப்பு, இறப்பு, நிக்காஹ் எல்லாம் மிஞ்சியதன் கீழ் வந்து சேர்ந்துவிடும். அந்த இலகுவில்தான் நான் விழுந்தேன்.

அக்கரைப்பற்று இரண்டு இருந்தது. ஒன்றின் பின்னால் புத்தளம் என்றும் மற்றதன் பின்னால் அம்பாறை என்றும். அக்கரைப்பற்று கிழக்கில் இருக்கிறது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். புத்தளம் என்பது மருமகனின் கைப்பிழை என்று தீர்மானித்து இரண்டையும் சேர்த்தேன். அடுத்த நாள் படத்தைத் திறந்தபோது என் வாப்பாவின் பாட்டனார் கிழக்குக் கடற்கரையில் நின்றார். தென்னையும் புகையிலையும் வைத்திருந்த அவர், களப்பைத் தாண்டிப் போனவர் அல்லர். உறுதியின் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். புத்தளம் டிஸ்திரிக்கு அக்கரைப்பற்று என்று தெளிவாகவே இருந்தது. புத்தளத்தில் நின்று களப்புக்கு அப்பால் பார்த்தால் தெரியும் கற்பிட்டிக் குடாநாடு அக்கரைதானே! நிருவாகத்திலும் அப்பகுதி அக்கரைப்பற்று என்றே வழங்கியது. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்து, இங்கேயே படிப்பிக்கும் எனக்கு அது நினைவில் வரவில்லை. பட்டியலில் கண்ட பெயரை நம்பினேன், கையிலிருந்த பத்திரத்தைப் பார்க்கவில்லை.

கிழக்கின் அக்கரைப்பற்றுக்கும் ஒரு சங்கடம் உண்டு. மச்சான் ஒருவரின் மனைவி அங்கு 1955இல் பிறந்தவர். அவருடைய பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம். அவருடைய தம்பி 1964இல் பிறந்தவர், அவருக்கு அம்பாறை மாவட்டம். இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள்தாம். அம்பாறை மாவட்டம் 1961இல் பிரிக்கப்பட்டது. இங்கு பெயர் இரண்டு, ஊர் ஒன்று. அங்கு பெயர் ஒன்று, ஊர் இரண்டு.

குடும்ப வரலாற்றுக் கோப்புகளை மென்பொருள்களுக்கிடையே பரிமாறும் ஜெட்கொம் என்ற முறையை 1984இல் அமெரிக்காவின் மோர்மன் திருச்சபையினர் உருவாக்கினர். இடத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக, காற்புள்ளி இட்டு எழுதுவது அதன் வழக்கம். அவர்களுக்கு ஊர், கவுண்டி, மாநிலம், நாடு என்று நான்கில் முடிந்துவிடும். எமக்கோ ஊர், பற்று, மாவட்டம், மாகாணம், நாடு. இதில் ஊரைத் தவிர மற்ற எல்லாமே இடம் மாறியவை. வடமேல் மாகாணம் 1845இல்தான் பிறந்தது. 1830இல் பிறந்த ஒருவரை அதில் பிறக்க வைக்க முடியாது. சிலோன் 1972இல் ஸ்ரீ லங்கா ஆனது. 1988 முதல் 2006 வரை பிறந்த கிழக்குப் பிள்ளைகளின் கடதாசிகளில் வடகிழக்கு மாகாணம் என்று காணலாம். கிராம்ப்ஸில் ஓர் இடத்துக்குப் பல பெயர்களைத் திகதியோடு கொடுக்கலாம். அது எந்தக் காலத்தில் எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்றும் குறிக்கலாம். இதை அறிந்த பின்னர் பாதிப் பட்டியல் தானாகவே சுருங்கியது.

மிஞ்சியது எருக்கலம்பிட்டி.

என் மனைவியின் ஊர் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவினர் பெரும்பாலும் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினர். ஏறத்தாழ 75,000 பேர் வடக்கிலிருந்து துரத்தப்பட்டனர், அவர்களில் பெரும் பகுதியினரை எங்கள் மாவட்டம் ஏற்றது. எருக்கலம்பிட்டியார் பலர் பாலாவிக்கு அண்மையில் நாகவில்லுவில் குடியேறினர். ஓலைக் கொட்டில்கள் காலப்போக்கில் கல்வீடுகள் ஆயின. 2007இல் உலக வங்கியின் வீடமைப்புத் திட்டமும் வந்தது. வந்தவர்கள் நாகவில்லுவுக்கும் எருக்கலம்பிட்டி என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். முசலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அப்படியே, முகாம்களைத் தம் ஊர்ப்பெயர்களாலேயே அழைத்தனர்.

கோப்பில் எருக்கலம்பிட்டி ஐந்து இருந்தது. அக்கரைப்பற்றில் வாங்கிய அடிக்குப் பின்னரும், எருக்கலம்பிட்டி ஒன்றுதானே என்ற துணிவில் ஐந்தையும் சேர்த்திருந்தேன். பிறகு மனைவியின் குடும்பத்தை மட்டும் காலவரிசையில் பார்த்தேன். மாமியின் பாட்டியிலிருந்து 1997இல் பிறந்த கடைசி மச்சினிச்சி வரை, எல்லோரும் எருக்கலம்பிட்டியில் பிறந்து, எருக்கலம்பிட்டியில் நிக்காஹ் முடித்து, எருக்கலம்பிட்டியிலேயே மவுத்தாகியிருந்தார்கள். மாமனார் 2003இல் மவுத்தானவர். அவரை நாகவில்லுவில் அடக்கும்போது நானும் கபுறடியில் நின்றேன். கோப்பிலோ அவர் பிறந்த மண்ணில் கிடந்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் ஒருநாளும் ஊரை விட்டுப் போகவில்லை என்று படம் சொன்னது. துரத்தியதும், படகும், கொட்டிலும் என் ஒரு கட்டளையில் இல்லாமல் போயிருந்தன.

பழைய பிரதி இருந்தபடியால் மீண்டும் தொடங்கினேன். எது எந்த எருக்கலம்பிட்டி என்று கேட்க மாமியிடம் போனேன்.

“கடைசி மகள் எங்க பொறந்த மாமி?”

“எருக்கலம்பிட்டியிலதான் மகன்.”

“மாமி, 97இல நீங்க நாகவில்லுவிலதானே?”

“நாகவில்லு நாங்க இரிக்கிற இடம். ஊரெண்டா எருக்கலம்பிட்டிதான். ஊரக் கேட்டீங்களா, இடத்தக் கேட்டீங்களா?”

பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் இரண்டுமில்லை. பிள்ளை பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். பிறந்த இடம் என்ற கூட்டில் அதுதான் எழுதப்பட்டிருக்கிறது. இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகளில் ஒரு பெரும் தலைமுறையே, கடதாசியின்படி, புத்தளம் நகரத்தார்! வாக்காளர் இடாப்பில் நெடுங்காலம் மன்னார், குடியிருப்பு நாகவில்லு, பிறப்பு புத்தளம், சொல்வது எருக்கலம்பிட்டி. இவற்றில் ஒன்றை மட்டும் உண்மை என்று வைத்து மற்றவற்றைத் துப்புரவு செய்ய எனக்கு என்ன உரிமை?

இப்போது இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்று எருக்கலம்பிட்டி, மன்னார். மற்றது நாகவில்லு, புத்தளம். இரண்டாவதற்கு மறுபெயராக எருக்கலம்பிட்டி, 1990க்குப் பின். பிறந்த இடத்தில் ஆஸ்பத்திரியை வைத்தேன், வசித்த இடத்தில் நாகவில்லுவை வைத்தேன். மாமி சொன்னதைக் குறிப்புப் பகுதியில் அவருடைய சொல்லிலேயே எழுதினேன். மாமனாரைத் திரும்பவும் நாகவில்லு மையவாடிக்குக் கொண்டுவந்தேன். 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பிய மூத்த மச்சானின் பிள்ளைகள் இருவர் மன்னாரில் பிறந்திருக்கிறார்கள், அவர்கள் முதலாவதன் கீழ் வந்தார்கள்.

இரண்டுக்கும் நடுவில், 1990 ஒக்டோபர் என்று ஒரு நிகழ்வை மனைவியின் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் சேர்த்தேன். இடம்பெயர்வு என்ற வகை இருந்தது, வெளியேற்றம் என்று இல்லை. நானே தட்டி உண்டாக்கினேன். அதற்கும் ஓர் இடம் கேட்டது மென்பொருள். மாமியிடமே மீண்டும் கேட்டேன். படகிலிருந்து இறங்கி முதலில் கால் வைத்த இடத்தைச் சொன்னார். கற்பிட்டி என்று பதிந்தேன்.

கரைத்தீவு இன்னும் பாக்கி. வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் ஒன்று, அம்பாறையில் காரைதீவு, யாழ்ப்பாணத்தில் காரைநகர் ஆவதற்கு முன்னர் அதே பெயரில் இன்னொன்று. பூட்டனாரின் உறுதியில் வெறுமனே கரைதீவு என்றுதான் இருக்கிறது, எழுத்தும் மங்கிவிட்டது. அடுத்த விடுமுறையில் வண்ணாத்திவில்லுக்குப் போய், அந்தக் காணியின் எல்லைகளில் சொல்லப்பட்ட குளம் அங்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.