கொக்கிரகுளத்துக்கு எந்தத் துப்பறிவாளரும் வரவில்லை

‘சுழல்’ தொடரின் இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரி கடைசியில் வந்தது. எங்கள் தெருவில் அமேசான் பிரைமுக்குப் பணம் கட்டியவர் ஒரே ஒருவர். அவருடைய கடவுச்சொல் நாலு வீட்டில் ஓடியது. ஒளிப்பானேன், அதில் ஒரு வீடு எங்களுடையது. கடலோர வீடு ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் பிணமாகக் கிடக்கிறார். அறை பூட்டியிருக்கிறது. அலமாரிக்குள் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். பிறகு வேறு வேறு காவல் நிலையங்களில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து “நான்தான் கொன்றேன்” என்று சரணடைகிறார்கள். கதையில் ஊரின் பெயர் காளிபட்டணம், திருவிழாவின் பெயர் அஷ்டகாளி. வேடம் கட்டிய கூட்டத்தைப் பார்த்ததுமே பெரியம்மா சொல்லிவிட்டார்: “இது நம்ம குலசை தசராலா!”

மூன்றாவது எபிசோடு ஓடும்போது கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: “நம்மூர்ல ஒரு கொல விழுந்தா யாரு செஞ்சான்னு விடியதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருதே. இவங்களுக்கு மட்டும் எப்படி எட்டு எபிசோடு ஆவுது?”

சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தோம். அதுதான் இந்தக் கட்டுரை.

தமிழில் துப்பறியும் கதை எழுதியவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் பண்டித நடேச சாஸ்திரி. 1894இல் வந்த அவருடைய நூலின் பெயர் ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’. அந்தப் பெயரை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். கண்டுபிடிப்பவன் போலீஸ், குற்றமோ ‘அற்புதம்’. 130 ஆண்டுகள் கழிந்தும் சரக்கு அதேதான், பெட்டிதான் மாறியிருக்கிறது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள், ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள், சன் டிவியில் ஊரையே உட்கார வைத்த ‘மர்மதேசம்’ எல்லாம் தாண்டி, 2022இல் ஒரே வருடத்தில் ‘விலங்கு’, ‘சுழல்’, ‘வதந்தி’ என்று மூன்று தொடர்கள் வந்தன. மூன்றும் பெருநகரத்துக் கதைகள் அல்ல. மூன்றிலும் நாயகன் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். தூங்காதவன், வீட்டில் திட்டு வாங்குபவன், கடைசியில் உண்மையைத் தோண்டி எடுப்பவன்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ‘சுழல்’ முதல் பாகம், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை சொந்த வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது என்பதைத் துணிந்து சொன்னது. அதற்காக அதை மதிக்கிறோம். ஆனால் அந்தக் கதை ஒரு சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில்தான் தொடங்குகிறது. ஆலை பற்றி எரிகிறது. அதன் பிறகு தொழிலாளர்கள் கூட்டமாக ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள், காணாமல் போன ஒரு பெண்தான் கதை ஆகிறாள். கூலி கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்பது ‘அற்புத’க் குற்றம் இல்லையே.

அற்புதக் கொலைதான் வேண்டுமென்றால் தாமிரபரணிக் கரையில் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. எந்தத் தொடர் எழுத்தாளரும் பொறாமைப்படுவார்.

1919 அக்டோபர். சென்னை தேனாம்பேட்டையில் நியூவிங்டன் மாளிகை. ‘மைனர் பங்களா’ என்பார்கள். அப்பா இல்லாத ஜமீன் வாரிசுகளைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பாதுகாப்பில் வைத்துப் படிக்கவைத்த இடம். அதன் முதல்வர் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர். ஒரு நள்ளிரவில் அவர் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி பக்கத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். சந்தேகம் மாணவர்கள் மேல் விழுந்தது. வழக்கில் சிக்கியவர்கள் திருநெல்வேலிச் சீமையின் கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் பிள்ளைகள். தமிழர்களை இழிவாகப் பேசினார் என்பதால் கொலை என்றார்கள் சிலர், வேறு கிசுகிசுவும் உண்டு. சென்னையில் நியாயமான விசாரணை நடக்காது என்று வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் யாரும் தண்டிக்கப்படவில்லை.

இன்றைக்கும் சென்னையின் பழங்கதை எழுதுகிறவர்கள் ரசித்து எழுதும் வழக்கு இது. அவர்கள் கதை விடுதலைத் தீர்ப்போடு முடிந்துவிடுகிறது. எங்கள் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய வக்கீல்கள், பம்பாய்ப் பயணம் என்று அந்த வழக்குக்குச் செலவழித்ததில் சிங்கம்பட்டி ஜமீன் கடனில் விழுந்தது. கடனை அடைக்க 1929இல், மணிமுத்தாறுக்கு மேலே மலையில் 8,000 ஏக்கருக்கும் அதிகமான காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காட்டை வெட்டித் தேயிலை போட ஆள் வேண்டுமே. கீழே வயலில் கூலி வேலை பார்த்த எங்கள் ஆட்கள் மலை ஏறினார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அட்டைக்கடி, மழை, குளிர், லைன் வீடு. தாத்தா பாட்டி ஏறினார்கள், அப்பா அம்மா அங்கேயே பிறந்தார்கள், பிள்ளைகளும் அங்கேயே கொழுந்து பறித்தார்கள். பட்டா மட்டும் ஒருவருக்கும் கிடையாது. தேனாம்பேட்டையில் யாரோ சுட்ட ஒரு குண்டுக்கு வட்டி கட்டியது யார் என்று பாருங்கள்.

1990களின் கடைசியில் அந்தத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அவர்களை விடுவிக்கவும் கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவும் கேட்டு, 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் நடந்தது. புதிய தமிழகம் கட்சியோடு மற்ற கட்சிகளும் சேர்ந்து நடத்திய ஊர்வலம். போக வேண்டிய இடம் கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். ஒரு மனு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்சியர் அலுவலகம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தடியடி தொடங்கியது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். தண்ணீருக்குள்ளும் விரட்டினார்கள், கல்லெறிந்தார்கள். கரையேற வந்தவர்களை அடித்துத் திரும்பத் தள்ளினார்கள் என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. தாமிரபரணி எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகிய ஆறு. ஆழம் தெரியாத ஊரார் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் அரசு தரப்பு சொன்ன காரணம், தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்பதுதான்.

நீதிபதி எஸ். மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். கொலைக் குற்றத்துக்காக ஒரு காவலர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இப்போது தங்கையின் கேள்விக்குத் திரும்ப வரலாம். இந்த 17 சாவுகளில் மர்மம் எங்கே இருக்கிறது? பட்டப்பகலில், ஆட்சியர் அலுவலக வாசலில், பத்திரிகைக்காரர்களும் கேமராக்களும் இருக்கும்போது நடந்தது. ‘யார் செய்தது’ என்ற கேள்வியே இல்லை. தடயம் இருந்தது, சாட்சி இருந்தது. எழுத ஆள் இல்லை. அந்த வேலையைச் செய்தது ஒரு ஆவணப்படம். ஆர்.ஆர். சீனிவாசன் அதே ஆண்டு எடுத்த ‘நதியின் மரணம்’. அன்றைய காட்சிகளையும் தப்பியவர்கள் சொன்னதையும் அடுக்கி வைத்தது. தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு என்று ஒரு துப்பறியும் படம் உண்டென்றால் எங்களைப் பொறுத்தவரை அதுதான். அதில் சப்-இன்ஸ்பெக்டர் நாயகன் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் என்றதும் சட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. அதில் 7ஆம் விதி என்ன சொல்கிறது? இந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறைந்த அதிகாரி புலனாய்வு செய்யக் கூடாது. அதாவது சக்கரையும் விவேக்கும் பரிதியும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், சாதிக்காக நடந்த எங்கள் வீட்டுக் கொலையைத் துப்புத் துலக்க அவர்களுக்கு அதிகாரமே இல்லை! உள்ளூர் நிலையத்தில் உள்ளூர்ச் சாதி எப்படிப் புழங்குகிறது என்று தெரிந்துதான் அந்த விதியை எழுதினார்கள். அதனால்தான் முதல் தகவல் அறிக்கையில் அந்தச் சட்டத்தைச் சேர்க்க வைப்பதே பாதிப் போராட்டமாகிவிடுகிறது. சேர்க்காவிட்டால் கோப்பு கீழேயே நின்றுவிடும்.

இன்னும் எளிய வழி, ‘சந்தேக மரணம்’. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 194. தண்டவாளத்தில் கிடந்தாலும் கிணற்றில் கிடந்தாலும் முதலில் இந்தப் பிரிவுதான். பிணத்தைப் பார்வையிடும்போது அக்கம்பக்கத்தில் ‘மரியாதைக்குரிய’ இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். எங்கள் ஊர்களில் மரியாதைக்குரியவர் என்று யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிணத்தைத் தூக்க மட்டும் எங்கள் தெருவுக்கு ஆள் வரும். நாங்களே போய் நின்றிருக்கிறோம். தூக்கியவனிடம் கழுத்தில் என்ன தழும்பு பார்த்தாய் என்று ஒரு அதிகாரியும் கேட்டதில்லை.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தபோது வெளியூர்க்காரர்கள் அந்தக் கிழவனைப் பார்த்து அதிர்ந்தார்கள். விபத்து போலவும் தற்கொலை போலவும் தெரியும்படி ஒவ்வொருவராகக் கொன்றுவிட்டு, சாமிக்குச் செய்த காரியம் போல அமைதியாகப் போகிறவன். தொடர்கொலைகாரன் என்று வேறொரு படத்தில் போட்டிருந்தால் ஒரு துப்பறிவாளன் வந்திருப்பான். அந்தப் படத்தில் கடைசிவரை யாரும் வரவில்லை. அதில் சட்டம் படிக்க வந்து அடி வாங்கிய பரியனாக நடித்தவர் கதிர். நாலு வருடம் கழித்து ‘சுழல்’ தொடரில் காக்கி போட்டு சக்கரையாக வந்தவரும் அதே கதிர்தான். நடிகருக்கு அது இன்னொரு வேடம். பார்க்கும் எங்களுக்கு அது அவ்வளவு லேசாக இறங்கவில்லை.

கொலையைக் கதையாகச் சொல்லும் வழக்கம் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. வில்லுப்பாட்டு இருக்கிறதே. கொடைக்கு ராத்திரி முழுக்க ஓடும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணன் ஒருவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டுச் சகோதரிகளை மணக்கிறான். பூணூலை அறுத்துப் போடுகிறான், செருப்புத் தைக்கப் பழகுகிறான், மாமனார் வாலப்பகடையின் வேலையான மாட்டுக் காவலுக்குப் போகிறான். மாடு திருட வந்தவர்களோடு நடந்த சண்டையில் சாகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்கு இன்றும் தோல் செருப்புதான் காணிக்கை. அந்தப் பாட்டில் கொன்றவன் யார் என்பது கடைசி எபிசோடுக்குத் தள்ளி வைக்கும் விஷயம் இல்லை. கூடியிருக்கும் எல்லாருக்கும் கதை தெரியும். தெரிந்ததை ஊர் நடுவில் சத்தமாகச் சொல்வதற்குத்தான் பாட்டு.

அதையும் விட்டு வைக்கவில்லை. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பிள்ளைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று பின்னால் ஒரு திருத்தம் சேர்ந்தது. நா. வானமாமலை இதைச் சுட்டிக்காட்டினார். சாதி கலப்பதைத் தாங்க முடியாதவர்கள் சாட்சியத்தைத் திருத்தியிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் புகார் மனுவைத் திருப்பி எழுதச் சொல்வதைப் பார்த்த எங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அந்தச் சொரிமுத்து அய்யனார் கோயிலும் சிங்கம்பட்டி ஜமீனைச் சேர்ந்ததுதான். ஆடி அமாவாசைக்குக் கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி அங்கே ராஜ உடையில் தர்பார் இருப்பார். ஆயிரக்கணக்கில் ஜனம் பார்க்கப் போகும், நாங்களும் சின்ன வயதில் போயிருக்கிறோம். 2020இல் அவர் காலமானார். 2024இல் பாம்பே பர்மா நிறுவனம் விருப்ப ஓய்வு என்று தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கியது. 2028இல் குத்தகை முடிகிறது. நாலு தலைமுறை ஏறிய மலையிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு இறங்கியவர்களுக்கு, கீழே ஊர் எது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஆடி பிறந்து ஒரு வாரத்தில் ஜூலை 23 வந்துவிடும். கொக்கிரகுளத்தில் ஆற்றில் பூ விடப் போவோம். கட்சிக்கு ஒரு நேரம், அமைப்புக்கு ஒரு நேரம் என்று வரிசையாக வருவார்கள். கரை முழுக்கப் போலீஸ் நிற்கும். அதில் ஒரு காவலர் கையில் வீடியோ கேமரா இருக்கும். யார் யார் வந்தார்கள், யார் தண்ணீரில் இறங்கினார்கள், யார் என்ன கோஷம் போட்டார்கள் என்று ஒரு முகத்தையும் விடாமல் பதிவு செய்வார். போன தடவை அந்தத் தங்கையும் வந்திருந்தாள். கேமரா தன் பக்கம் திரும்பியதும் தலையைக் குனியாமல் நேராகப் பார்த்தாள். பிறகு எங்களிடம் கேட்டாள்: “அன்னைக்கி எடுத்த வீடியோவ எங்கண்ணே வச்சிருப்பாங்க?”