சூக்: கேசினோ டீலர் பயிற்சியும் வேலையும்

சுவிட்சர்லாந்தின் சூக் நகரில், ஏரிக்கரையில் 1909 முதல் ‘தியேட்டர் கேசினோ சூக்’ என்ற அரங்கம் இருக்கிறது. அங்கே நடப்பவை நாடகமும் இசைக் கச்சேரியும், சூதாட்டம் இல்லை. இத்தாலிய மொழியில் சிறு வீட்டைக் குறித்த ‘கேசினோ’ என்ற சொல், ஊரார் கூடும் மன்றங்களுக்கும் பெயராகியிருந்தது. பாசல், பேர்ன் நகரங்களின் இசையரங்குகளும் கேசினோ என்றே அழைக்கப்படுகின்றன.

சூக் கன்டோனில் (மாநிலத்தில்) உரிமம் பெற்ற சூதாட்ட விடுதி கிடையாது. சூதாட்ட மேசையை நடத்தும் டீலர் வேலை தேடுவோர் லூசேர்ன், சூரிச், பாடன், பேஃபிக்கோன் போன்ற வேறு ஊர்களின் விடுதிகளுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். லூசேர்னும் சூரிச்சும் ரயிலில் அரைமணிக்குள் போகிற தூரம். ஆனால் வேலை நள்ளிரவு தாண்டியும் நீளும் என்பதால், திரும்பி வர வழி உண்டா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

சுவிட்சர்லாந்தில் இத்தொழிலுக்கு வயது குறைவு. சூதாட்ட விடுதிகளுக்கு 1874ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதித்த தடையை 1993 மார்ச் 7 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பு நீக்கியது. புதிய சட்டம் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இப்போது இருப்பது 2019 முதல் செல்லும் பணவிளையாட்டுச் சட்டம்.

‘குரூப்பியே’ எனப்படும் டீலருக்கு அரசு அங்கீகரித்த தொழிற்பயிற்சிப் படிப்பு இல்லை. விடுதிகளே ஆளெடுத்துச் சில வாரங்கள் பழக்குகின்றன. பயிற்சியின் உயிர் மனக்கணக்குதான். ரூலெட்டில் பந்து 17இல் விழுகிறது என்று கொள்வோம். அந்த எண்ணின் மேலேயே 3 சிப், இரண்டு எண்களுக்கு நடுவே 2, நான்கு எண்கள் கூடும் மூலையில் 4. முதலாவதற்கு ஒன்றுக்கு 35 வீதம் 105, அடுத்ததற்கு 17 வீதம் 34, மூலைக்கு 8 வீதம் 32, ஆக 171. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தாளும் பேனாவும் இல்லாமல் இதைச் சொல்லிச் சிப்புகளை எண்ணித் தள்ள வேண்டும். பிளாக்ஜாக்கில் டீலருக்கென்று சொந்த விருப்பம் கிடையாது: 16 வரை சீட்டு எடுப்பார், 17இல் நிறுத்துவார். மேசையை விட்டு எழும்போது இரு உள்ளங்கைகளையும் கேமராவுக்கு விரித்துக் காட்டுவதும் பழக வேண்டிய பாடம்.

ஜெர்மன் மொழி, குற்றப்பதிவுச் சான்று, கடன் வழக்குப் பதிவுச் சான்று ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து இந்த வேலைக்கென்று நேரே அனுமதி பெறுவது மிகக் கடினம். அத்தகைய அனுமதி பெரும்பாலும் உயர்தகுதியாளருக்கே கிடைக்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. சுவிஸில் குடியேறி வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த அனுமதிச் சிக்கல் இல்லை.

டீலர் தனக்கென்று தனி இனாம் வாங்கக் கூடாது. ஊழியர் அனைவருக்குமான பெட்டியில்தான் அது விழ வேண்டும். தான் வேலை செய்யும் விடுதியில் விளையாடவும் அவருக்குத் தடை உண்டு. இன்னொரு கடமைதான் இத்தொழிலில் மிக முக்கியமானது என்று சொல்ல வேண்டும்: அளவு மீறி ஆடுகிறவரை அடையாளம் காணவும் டீலருக்குப் பயிற்சி தரப்படுகிறது. கையிருப்பு கரையக் கரையப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகிறவரை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று முதலில் பார்ப்பவர் டீலரே. அவர் மேலாளரிடம் சொல்கிறார்; விடுதி விசாரித்து, தேவையானால் அந்த ஆட்டக்காரருக்குத் தடை விதிக்கிறது. அத்தடை சுவிட்சர்லாந்தின் எல்லா விடுதிகளிலும் செல்லும்.