முகத்துவாரத்தின் நிறமும் பார்க்கும் ஒளியும்

தேய்ந்த கல்வெட்டைப் படிக்க முனைவோர் காலை, மாலைச் சாய்வெயிலுக்குக் காத்திருப்பதை வரலாற்று ஆர்வலர்கள் அறிவர். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் வடிவம் துலங்கும். தாளில் அச்சிட்ட ஒளிப்படத்திற்கும் ஏற்ற ஒளி வேண்டும் என்பதை ஏனோ நாம் மறந்துவிடுகிறோம்.

1858ஆம் ஆண்டு கேப்டன் லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அக்காலத்தில் படத்தை அச்சிட்டதே கதிரவன்தான். வெள்ளி உப்பேற்றிய தாளின்மீது நெகடிவை வைத்து வெயிலில் காட்டுவர். பின்னர் இரசாயனக் கரைசலில் நிலைப்படுத்தும்போது படம் சற்று வெளிறும் என்பதால், வேண்டிய அளவைவிடக் கருமையாகவே அச்சிடுவர். அந்த அளவைக் கணித்தது, பகலொளியில் பழகிய கண். 21 படங்களும் ஒரே தொனியில் அமைந்தாலன்றி அவை ஒரே சுவராகத் தோன்றுமா?

மின்விளக்குகள் வந்தபின் கண்ணுக்கு அந்தப் பொது அளவுகோல் இல்லாது போயிற்று. இழைபல்பு மஞ்சளைக் கூட்டும். சோடியம் தெருவிளக்கிலோ நிறவேறுபாடே தெரியாது. எனவேதான் அச்சுத்துறையின் ஐ.எஸ்.ஓ. 3664 தரம் 5000 கெல்வின் பகலொளியை வரையறுத்தது. நுணுகி ஒப்பிட 2000 லக்ஸ், இயல்பாகப் பார்க்கும் நிலையில் தொனியை மதிப்பிட 500 லக்ஸ், சுற்றிலும் நிறச்சார்பற்ற சாம்பல் வண்ணம் என்பன அதன் விதிகள்.

இது அச்சகத்தாரின் கவலை மட்டுமன்று. கொசத்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தருகே உள்ள மீனவர் ஊர் முகத்துவாரக்குப்பம். 2023 டிசம்பரில், மிச்சாங் புயல் வெள்ளத்தின்போது, இக்கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அனல்மின் நிலையச் சாம்பலும் இந்நீர்நிலையில் படிந்துள்ளது. இங்கெடுத்த படங்களில் நிறமே சான்று. மஞ்சள் விளக்கில் பார்த்தால் சாம்பல் சேறாகத் தோன்றும். மிகைவெளிச்சத்தில் சோதித்தால், படத்தை அளவுமீறிக் கருமையாக அச்சிட்டுவிடுவோம். வீட்டு வெளிச்சத்தில் படகின் நிழலும் எண்ணெய்ப் படலமும் ஒன்றாகிவிடும்.

தரவிளக்கு இல்லாதோர் நண்பகலையொட்டி, நேர்வெயில் படாத சாளரத்தருகே, வண்ணச்சுவரின் எதிரொளி விழாதவாறு, நன்கு உலர்ந்த படத்தைப் பார்க்கலாம். பின்னர் அது தொங்கவிருக்கும் இடத்தின் ஒளியிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

கல்லெழுத்தில் ஓரெழுத்தைப் பிழையாகப் படித்தால் வரலாறு திரிகிறது. கழிமுகப் படத்தில் சாம்பலைச் சேறெனப் படித்தாலும் அதுவே நேரும்.