கோட்டையும் முற்றவெளியும்: யாழ்ப்பாணத்துப் படைத்தளம் ஒன்றின் குடிசார் பயன்பாடு

யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை முற்றுகைகளின் வரலாறாகவே அமைந்துள்ளன. யார் கைப்பற்றினர், எவரிடமிருந்து கைப்பற்றினர் என்பனவே அவற்றில் முதன்மை பெறுகின்றன. ஈண்டு நாம் வேறொரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். போர் ஓய்ந்த காலங்களில் இவ்விடம் எவருக்குப் பயன்பட்டது? படைத்தளமொன்று குடிசார் பயன்பாட்டுக்கு மாறிற்று என்று எப்பொழுது கூறலாம்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இவ்விடம் தொடக்கத்திற் படைத்தளமாக இருக்கவில்லை. 2009க்குப் பின்னர் கோட்டையினுள் நிகழ்ந்த அகழாய்வுகள், ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தமையைக் காட்டியுள்ளன. உருளை வடிவக் கோலம் பதித்த பண்டைய மட்கலங்களும், சீன, மேற்காசிய மட்பாண்டங்களின் உடைவுகளும் அம்மக்களுக்கு இந்து சமுத்திர வணிகத்துடனிருந்த தொடர்பை உணர்த்துகின்றன. கோட்டையிற் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டொன்றைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1971 இல் ஆராய்ந்து வெளியிட்டமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஆகவே குடிகளின் நிலத்தின் மீதே கோட்டை எழுந்தது.

1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர், ஆட்சி மையத்தை நல்லூரிலிருந்து கடற்கரைக்கு மாற்றி, நாற்சதுரக் கோட்டையை அமைத்தனர். 1658 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஐங்கோண வடிவில் அதைப் புதிதாகக் கட்டினர். உட்கோட்டை 1680 அளவிலும் புறவரண்கள் 1792 இலும் நிறைவுற்றன. கொத்தளங்கள் ஒல்லாந்த மாகாணங்களின் பெயர்களைத் தாங்கின. முருகைக்கல்லைச் சுமந்தோரின் பெயர்களோ எங்கும் பொறிக்கப்படவில்லை. ஊழியம் என்ற பெயரில் குடிகளிடமிருந்து கட்டாய உழைப்பைப் பெற்ற ஆட்சியின் கட்டடம் அது. புறவரண்கள் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1795 செப்டெம்பரில், எதிர்ப்பேதுமின்றிக் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. நூற்றாண்டுக்கு மேலாக நீடித்த கட்டடப் பணி, யாருக்கு எதிராகச் செய்யப்பட்டதோ அவர்களைத் தடுக்க உதவவில்லை. எனினும் குடிகளை அடக்கி வைப்பதற்கு அது தொடர்ந்தும் உதவிற்று.

பிரித்தானியர் காலத்திற் கோட்டையின் போர்ப்பயன் குன்றியது. அதனுள் தேசாதிபதி வந்து தங்கும் மாளிகை, சிறைச்சாலை, 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் என்பன இருந்தன. 1905 இல் யாழ்ப்பாணத்திற்குச் சிவில் சேவை அதிகாரியாக வந்த லெனார்ட் வூல்ஃப் கோட்டைச் சுவர்மேலமைந்த பங்களாவிலேயே வசித்தார். இவை யாவும் குடிசார் பயன்பாடுகளே எனச் சிலர் கூறக்கூடும். நாம் அதனை ஏற்கத் தயங்குகின்றோம். மாளிகையும் சிறையும் ஆட்சியின் இரு முகங்கள். சாதாரண யாழ்ப்பாணத்தான் முதலாவதற்குள் அழைக்கப்படுவதில்லை. இரண்டாவதற்குள் விரும்பிச் செல்வதில்லை. சிப்பாயின் இடத்தை அதிகாரி எடுத்துக்கொண்டமையே அங்கு நேர்ந்த மாற்றம்.

மெய்யான மாற்றம் மதிலுக்கு வெளியிலேயே நிகழ்ந்தது. பீரங்கிகளின் பார்வைக்கு மறைப்பு இருத்தலாகாது என்பதற்காகக் கோட்டைக்கும் நகருக்கும் இடையே வெறுமையாக விடப்பட்ட நிலமே முற்றவெளி. சுடுவதற்கென ஒதுக்கப்பட்ட அந்நிலத்தை நகரமக்கள் கூடுவதற்கென எடுத்துக்கொண்டனர். அதன்மீதும் அதன் விளிம்பிலும் மணிக்கூட்டுக் கோபுரம், விளையாட்டரங்கு, வீரசிங்கம் மண்டபம், 1959 இல் திறக்கப்பட்ட பொதுநூலகம் என்பன காலத்துக்குக் காலம் எழுந்தன. விளையாடவும் வாசிக்கவும் கூட்டம் கேட்கவும் வந்தவர்கள், எவருடைய ஆணையுமின்றி ஒரு படைநிலத்தைப் பொதுநிலமாக்கினர்.

இம்மாற்றம் நிலைபெறவில்லை என்பதே துயரம். 1974 ஜனவரி 10 ஆம் நாள், நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நிகழ்ச்சிக்குத் திரண்ட மக்கள்மீது பொலிசார் மேற்கொண்ட நடவடிக்கையின் விளைவாக ஒன்பது பேர் இறந்தது இவ்வெளியிலேயே. 1981 இல் நூலகம் எரிக்கப்பட்டது. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து கோட்டை மீண்டும் முழுமையான படைமுகாமாயிற்று. அங்கிருந்து நகரை நோக்கி எறிகணைகள் பாய்ந்தன. 1990 இல் விடுதலைப் புலிகளின் முற்றுகை மூன்று மாதங்கள் நீடித்தது. செப்டெம்பரில் இராணுவம் வெளியேறியபோது கோட்டையைச் சூழ்ந்த நகரப்பகுதி பாழ்பட்டிருந்தது. பின்னர் மதில்களின் பகுதிகளைப் புலிகள் தகர்த்தனர். 1995 இல் நகர் மீண்டும் இராணுவத்தின் வசமாயிற்று. ஒல்லாந்தர் தேவாலயம் இக்காலப் போர்களில் அழிந்தது.

இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. கோட்டைக்குள் அதிகாரம் தங்கியிருந்தவரை, வெளியிலிருந்த பொதுநிலமும் கடனாகப் பெற்ற நிலமாகவே இருந்தது. மதிலும் கொத்தளமும் எஞ்சியிருக்குமிடத்துப் பீரங்கி திரும்பிவர ஓர் இரவு போதும்.

போர் முடிந்த பின்னர், நெதர்லாந்து அரசின் நிதியுதவியுடன் தொல்லியற் திணைக்களம் சீரமைப்புப் பணிகளை மேற்கொண்டது. சுற்றுலாப் பயணிகளும் உள்ளூர்க் குடும்பங்களும் மதில்மேல் மாலைப்பொழுதைக் கழிக்கும் காட்சி உருவாயிற்று. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலிலுள்ள கடற்கோட்டையை இத்துடன் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைப்பற்றிய அச்சிறு அரண், பின்னர் சிறையாகவும் பயன்பட்டு, போருக்குப்பின் கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியாயிற்று. படுக்கையும் விருந்தும் குடிசார்ந்தவை. திறவுகோல் மட்டும் படையினரிடம். பயன்பாடு மாறுவதும் உரிமை மாறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

எனவே, படைத்தளமொன்று மக்களுடையதாயிற்று என்பதற்கு அங்கு படையினர் இல்லை என்பதோ, நுழைவு அனுமதிக்கப்படுகின்றது என்பதோ போதிய சான்றாகாது. அவ்விடத்தை என்ன செய்வது என்ற தீர்மானத்தில் அவ்வூரவருக்குப் பங்குண்டா என்பதே உரைகல். சீரமைக்கப்படும் மதில் எந்த வரலாற்றைக் கூறும்? ஒல்லாந்தரின் கட்டடத் திறனை மட்டுமா? அடியிற் கிடக்கும் வணிகக் குடியிருப்பையும், ஊழியஞ் செய்த கைகளையும், சிறையிலிருந்தோரையும், முற்றவெளியில் வீழ்ந்தோரையும் சேர்த்தா? இவ்வினாக்களைத் திணைக்களங்களின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடுதல் ஆகாது. பீரங்கியின் வெளியைப் பொதுவெளியாக மாற்றிய மக்கள், கோட்டையின் வரலாற்றையும் தாமே எழுதும் தகுதியுடையவர்.